ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்டில் முதல் முறை: ஆவணங்கள், செலவு, நாள்கணக்கு

கணினிக்கான கேம் ஒன்றைத் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ சேர்ந்து செய்துகொண்டிருக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நடக்கும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்பது, இன்னும் வெளிவராத கேம்களின் டெமோக்களை, அதாவது மாதிரிப் பகுதிகளை, உலகெங்கும் உள்ளவர்கள் இலவசமாக ஆடிப் பார்க்கும் விழா. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நடக்கும் கேம்ஸ்காம் என்ற கேம் கண்காட்சிக்குப் போய்வர விசா, விமானச் சீட்டு, விடுதி என்று லட்சக்கணக்கில் ஆகும். இந்த விழாவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்ளலாம். ஆனால் ஒரு கேம் தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் இதில் பங்கேற்க முடியும். அந்த ஒரு வாய்ப்பை வீணாக்காமல் இருப்பதற்கான வழிமுறைதான் இந்தக் கட்டுரை.

நானும் நண்பரும் முதலில் குறிவைத்த பிப்ரவரி விழாவைத் தவறவிட்டோம். கேம் தயாராகவே இருந்தது. பான் அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிக் கணக்கில் வேறு விதமாகவும் இருந்த என் பெயரைச் சரிசெய்வதற்குள் பதிவுக்கான கெடு முடிந்துவிட்டது. ஆகவே எழுதும் வரிசையும் அதற்கேற்றதுதான்: முதலில் காகிதங்கள், பிறகு கேம்.

1. விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

2025-இல் இந்த விழா பிப்ரவரி 24 முதல் மார்ச் 3 வரையும், ஜூன் 9 முதல் 16 வரையும், அக்டோபர் 13 முதல் 20 வரையும் நடந்தது. எப்போதும் அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் தொடங்கி, அடுத்த திங்கள் அதே நேரத்தில் முடியும். நமக்கு அது ஜூனிலும் அக்டோபரிலும் இரவு 10.30, பிப்ரவரியில், அங்கே கோடைக்கால நேரமாற்றம் இல்லாததால், இரவு 11.30.

இந்த ஒரு வாரத்துக்கு முன்னால் வரிசையாகப் பல கெடுநாள்கள் நிற்கின்றன. விழாப் பதிவு பல வாரங்களுக்கு முன்பே மூடப்படும். பதிவு செய்ய உங்கள் ஸ்டோர் பக்கம், அதாவது ஸ்டீமில் உங்கள் கேமுக்கான விற்பனைப் பக்கம், பொதுவில் வந்திருக்க வேண்டும். பக்கம் வெளிவர ஸ்டீம் குழுவின் பரிசீலனை முடிந்திருக்க வேண்டும், அதற்கு 3 முதல் 5 வேலைநாள்கள். பரிசீலனைக்கு அனுப்ப வேண்டுமானால் கணக்கு, வரி, வங்கி விவரங்கள் எல்லாம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். வேலைநாள் என்பது அமெரிக்க வேலைநாள் என்பதை மறவாதீர்கள். பிப்ரவரி விழாவுக்கான ஆயத்தங்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையோடு மோதும். முதல் முறை கலந்துகொள்பவர்கள் ஜூன் அல்லது அக்டோபர் விழாவைத் தேர்ந்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து. எந்த விழாவானாலும் ஆறு மாதம் முன்னதாகக் காகித வேலையைத் தொடங்குங்கள். அந்தந்த விழாவின் பதிவுக் கெடுவை, கேம் செய்பவர்களுக்கான ஸ்டீமின் தளமான ஸ்டீம்வொர்க்ஸின் ஆவணப் பக்கத்தில் பார்த்து, அன்றே சுவர் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

2. உங்கள் பெயரை ஒரே பெயராக்குங்கள்

நம் ஊர்க்காரர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. பான் விண்ணப்பமோ பெயரில் தலைப்பெழுத்தை ஏற்காமல், அதை விரித்து எழுதச் சொல்லும். உங்கள் பெயர் இளவரசன், தந்தை பெயர் காளிமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் கா. இளவரசன்; ஆதாரில் இளவரசன் கா; வங்கிப் புத்தகத்தில் வெறும் இளவரசன்; பான் பதிவேட்டில் இளவரசன் காளிமுத்து. ஊருக்குள் இந்த நான்கும் ஒருவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சரிபார்ப்பில் இவர்கள் நான்கு வேறு ஆட்கள்.

ஸ்டீமில் விற்பனையாளராகச் சேரும்போது நீங்கள் தரும் சட்டப்பூர்வப் பெயர், வரிப் படிவத்திலும் வங்கிக் கணக்கிலும் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். எனவே கணக்குத் தொடங்கும் முன்பே கீழ்க்கண்டதைச் செய்யுங்கள்.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் நுழைந்து, சுயவிவரப் பகுதியில் பான் பதிவேட்டில் உங்கள் முழுப்பெயர் எப்படி உள்ளது என்று பாருங்கள். அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். விண்ணப்பிக்கும்போது அட்டையில் அச்சிட வேண்டிய பெயரைச் சுருக்கித் தர வழி உண்டு என்பதால், அட்டையில் இருப்பதும் பதிவேட்டில் இருப்பதும் வேறுபடலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. பதிவேட்டில் உள்ள பெயர் சரியாக இருக்குமானால், அதற்கு ஏற்ப வங்கிக் கணக்கின் பெயரை மாற்றுங்கள்; வங்கிக்கு ஏற்பப் பானை மாற்றப் போகாதீர்கள். வங்கியில் பெயர் மாற்ற பான், ஆதார் நகல்களோடு கிளைக்கு நேரில் போக வேண்டும். என் கிளையில் முதல் விண்ணப்பம் மூன்று வாரம் மேசையிலேயே கிடந்தது. விண்ணப்பத்தைக் கொடுத்தவுடன் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கியிருந்தால் அந்த மூன்று வாரத்தை மிச்சப்படுத்தியிருப்பேன்.

ஸ்டோர் பக்கத்தில் தோன்றும் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே உங்கள் குழுவின் பெயரைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, தனிநபராகவே சேரலாம்.

3. ஸ்டீம்வொர்க்ஸ் கணக்கும் 100 டாலரும்

ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தில் உங்கள் ஸ்டீம் கணக்கைக் கொண்டே சேரலாம். இரகசியக் காப்பு ஒப்பந்தம், விநியோக ஒப்பந்தம் இரண்டையும் படித்து ஏற்ற பிறகு கட்டணம் கேட்கும். ஒரு கேமுக்கு 100 அமெரிக்க டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 9,000 ரூபாய். கேமின் விற்பனை வருவாய் 1,000 டாலரைத் தாண்டினால் இந்தத் தொகை உங்களுக்குத் திரும்ப வரும். டெமோவுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

கட்டணத்தை ஸ்டீம் வாலட்டில் இருக்கும் பணத்திலிருந்து கட்ட முடியாது. அட்டை வழியாகக் கட்டுவதானால், அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதியின்படி 2020 அக்டோபர் முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. வங்கிச் செயலியில் நீங்களாகத்தான் இயக்க வேண்டும்.

கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்தே முதல் கேமை வெளியிட முடியும். கேமே முடியவில்லை, பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அந்த 30 நாள் உங்கள் வேலையோடு சேர்ந்தே ஓடி முடியட்டும்.

4. வரி நேர்காணல்

பெயர்தான் நேர்காணல்; உண்மையில் இது திரையில் நிரப்பும் ஒரு படிவம். அமெரிக்கக் குடிமகன் அல்லாத தனிநபருக்கு இது டபிள்யூ-8பென் (W-8BEN) என்ற அமெரிக்க வரிப் படிவமாக உருவாகும். இங்கே ஒரே ஒரு கட்டத்தை மிகக் கவனமாக நிரப்புங்கள்: வெளிநாட்டு வரி அடையாள எண். அங்கே உங்கள் பத்து இலக்கப் பான் எண்ணைத் தர வேண்டும். அதைத் தந்து, இந்தியாவை வசிப்பிட நாடாகக் காட்டினால், இந்திய அமெரிக்க வரி உடன்படிக்கையின்படி அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கான உங்கள் பங்கில் 15 சதவீதம் பிடிக்கப்படும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் 30 சதவீதம். மற்ற நாடுகளில் நடக்கும் விற்பனைக்கு இந்தப் பிடித்தம் இல்லை. கேம் நன்றாக விற்றால், ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதற்கு நீங்கள் இழக்கும் தொகை ஒரு நல்ல மடிக்கணினியின் விலையாகிவிடும்.

படிவம் கையொப்பமிட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்றாம் ஆண்டின் இறுதிவரைதான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

5. வங்கி விவரம்

வெளிநாட்டுப் பணம் வர, நாடுகளுக்கிடையே வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு தேவை. ஐஎஃப்எஸ்சி எண் இதற்கு உதவாது. சிறு ஊர்க் கிளைகள் பலவற்றுக்குத் தனி ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. எந்தப் பெரிய கிளை வழியாகப் பணம் வரும் என்று கேட்டு, அந்தக் குறியீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கிலேயே இந்த வருவாயை வரவு வைப்பார்களா, நடப்புக் கணக்கு கேட்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இடையில் நிற்கும் வங்கிகள் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கட்டணம் பிடிக்கும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

6. ஸ்டோர் பக்கம்

விழாவில் உங்கள் கேமைக் கடந்துபோகும் ஒருவர் முதலில் பார்ப்பது கேப்ஸ்யூல் எனப்படும் முகப்புப் படத்தைத்தான். இதைப் பல அளவுகளில் கேட்பார்கள்: 920க்கு 430, 462க்கு 174, 1232க்கு 706, 748க்கு 896 பிக்சல்கள். 462க்கு 174 அளவில் கேமின் பெயர் படிக்க முடிகிறதா என்று கைப்பேசியில் வைத்துப் பாருங்கள். பெரிய படத்தை அப்படியே சுருக்கினால் பெரும்பாலும் படிக்க முடியாது. நாங்கள் முதலில் நாங்களே வரைந்ததை விட்டுவிட்டு, ஓவியர் ஒருவருக்கு 15,000 ரூபாய் கொடுத்து வரைந்து வாங்கினோம். எங்கள் மொத்தச் செலவில் மிகப் பெரிய தொகை அதுதான். இன்னொரு முறை என்றாலும் அதையே செய்வேன். இந்தப் படங்களில் கேமின் பெயரும் துணைத்தலைப்பும் தவிர வேறு எழுத்து இருக்கக் கூடாது. விருது முத்திரை, விமர்சன வரி, தள்ளுபடி அறிவிப்பு எதுவும் 2022 செப்டம்பர் முதல் அனுமதியில்லை.

ஸ்கிரீன்ஷாட் எனப்படும் திரைப்பிடிப்புகள் குறைந்தது ஐந்து வேண்டும். அவை ஆட்டத்தின் நடுவில் எடுத்தவையாக இருக்கட்டும். தொடக்க மெனுவின் படம் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. டேக் எனப்படும் குறிச்சொற்களை இருபது வரை சேர்க்கலாம். விழாப் பக்கத்தில் உங்கள் கேம் எந்தப் பட்டியலின்கீழ் வரும் என்பதற்கு இவையே ஆதாரம் என்பதால், உங்கள் கேமைப் போன்ற நான்கைந்து கேம்களின் குறிச்சொற்களைப் பார்த்துவிட்டு நிதானமாக இடுங்கள்.

உள்ளடக்கக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. பலர் இதைக் கடைசி நிமிடத்தில் தட்டிவிட்டுப் போகிறார்கள். அதில் இரண்டு இடத்தில் நில்லுங்கள். ஒன்று, வயதுத் தகுதிக்கான கேள்விகள். இவற்றை நிரப்பாமலும் வேறு தகுதிச் சான்று இல்லாமலும் இருந்தால் 2024 நவம்பர் முதல் ஜெர்மனியில் உங்கள் கேம் கண்ணில் படாது. ஜெர்மனி கணினி கேம்களுக்குப் பெரிய சந்தை. இன்னொன்று, செயற்கை நுண்ணறிவு. ஆடுபவர் காணும் ஓவியம், கேட்கும் ஒலி, படிக்கும் எழுத்து ஆகியவற்றில் எதையாவது அப்படி உருவாக்கியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் வந்தது. நீங்கள் எழுதும் விளக்கம் ஸ்டோர் பக்கத்திலேயே தோன்றும். மறைக்காமல், எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். மறைத்தது பிறகு தெரியவந்தால் போகும் நம்பிக்கை திரும்பாது.

பக்கம் பொதுவில் வந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்தே கேமை விற்பனைக்கு விட முடியும். அது குறைந்தபட்ச விதிதான். விஷ்லிஸ்ட், அதாவது வாங்க விரும்புபவர்கள் கேமைக் குறித்துவைக்கும் பட்டியல், சேர்வதற்காக, பக்கத்தைச் சில மாதங்கள் முன்பே திறந்துவையுங்கள். பக்கம் வெளிவந்த சில நாள்களிலேயே, பிரபலமான விமர்சகர் என்று சொல்லிக்கொண்டு இலவச கீ (கேமைத் திறக்கும் குறியீடு) கேட்டு மின்னஞ்சல்கள் வரும். அவற்றில் பெரும்பாலானவை போலி. கீகளை வாங்கி வெளியில் விற்றுவிடுவார்கள். கேம்களைப் பரிந்துரைக்கும் உண்மையான கியூரேட்டர்களுக்கு அனுப்ப ஸ்டீமுக்குள்ளேயே கியூரேட்டர் கனெக்ட் என்ற வழி இருக்கிறது. இத்தனை ஆயிரம் விஷ்லிஸ்ட் சேர்த்துத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களுக்கும் பதில் எழுத வேண்டாம்.

7. டெமோ

டெமோ தனி எண் கொண்ட தனிச் செயலியாக ஸ்டீமில் பதிவாகும். அதற்கென்று தனி பில்ட் (ஸ்டீமில் ஏற்றும் கோப்புத் தொகுப்பு), தனிப் பரிசீலனை. எங்கள் டெமோ முதல் பரிசீலனையில் திரும்பி வந்தது. காரணம் ஒரே வரி: இயக்குகோப்பு காணப்படவில்லை. கோப்பை எங்கள் கணினியில் ஒரு துணைக்கோப்புறைக்குள் வைத்திருந்தோம். துவக்க அமைப்பில் அந்தக் கோப்புறையின் பெயரை எழுத மறந்துவிட்டோம். எங்கள் கணினியில் எல்லாம் ஓடியதால் அது கண்ணில் படவே இல்லை. பரிசீலனைக்கு அனுப்பும் முன், கேம் செய்யப் பயன்படுத்தாத வேறு ஒரு கணினியில், வேறு ஒரு ஸ்டீம் கணக்கில், ஸ்டீம் வழியாகவே டெமோவை நிறுவி இயக்கிப் பாருங்கள். அமைப்புகளை மாற்றிய பிறகு வெளியிடும் பொத்தானை அழுத்தாவிட்டால் மாற்றம் நடைமுறைக்கு வராது என்பதும் புதியவர்கள் தவறவிடும் ஒன்று.

தமிழ் எழுத்து வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில், எழுத்தைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ, நம் எழுத்துகளைச் சேர்த்து அமைப்பதில்லை. 'கெண்டை' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'குடம்' என்றால் உகரக் குறி எழுத்தோடு ஒட்டாமல் தனியே தொங்கும். தமிழ் படிக்கத் தெரியாதவர் சோதித்தால் இது தெரியவே தெரியாது. யூனிட்டியைப் போன்ற இன்னொரு மென்பொருளான கோடோவின் நான்காம் பதிப்பில் இந்தச் சிக்கல் இல்லை. யூனிட்டியில் இருப்பவர்கள் எழுத்தமைப்புக்கான கூடுதல் நிரலைச் சேர்க்க வேண்டும்; சில சொற்கள் மட்டும்தான் என்றால் படமாகவே வைத்துவிடலாம். ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவி வைத்திருப்பவர்களும் டெமோக்களை ஆடிப் பார்ப்பார்கள். அதன் திரை 1280க்கு 800 பிக்சல். அதில் எந்த எழுத்தும் 9 பிக்சல் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் வழிகாட்டல். நம் எழுத்தில் கொம்பும் சுழியும் இருப்பதால் அதைவிடப் பெரிதாகவே வையுங்கள்.

டெமோவின் நீளம் குறித்து ஆளுக்கொரு கருத்து உண்டு. முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆடுபவரின் கையில் கட்டுப்பாடு முழுமையாக வந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருப்பேன். டெமோ முடியும் இடத்தில் விஷ்லிஸ்ட்டில் சேர்க்கும் பொத்தான் இருக்க வேண்டும்.

விழா நாள்வரை டெமோவைப் பூட்டிவைக்கத் தேவையில்லை. ஓரிரு வாரம் முன்பே வெளியிட்டால், முதல் நாள் கூட்டம் வருமுன் பிழைகளைத் திருத்த அவகாசம் கிடைக்கும். டெமோ வெளிவந்ததை ஏற்கெனவே விஷ்லிஸ்ட்டில் சேர்த்தவர்களுக்கு மின்னஞ்சலாக அறிவிக்கும் வசதியும் 2024 முதல் இருக்கிறது.

8. விழாவுக்குப் பதிவு

பதிவு சில நிமிட வேலைதான். அதை எப்போது செய்வது என்பதுதான் கேள்வி. கேம் வெளிவருவதற்கு முந்தைய கடைசி விழாவில் கலந்துகொள்வதே பயன் தரும். ஒன்றரை ஆண்டு கழித்து வரப்போகும் கேமை ஆர்வத்தில் இப்போதே பதிவு செய்துவிட்டால், சேர்ந்த கவனம் ஆறிப்போகும். மறுமுறை வாய்ப்பும் கிடையாது. பதிவு செய்த பிறகு கேம் தயாராகாது என்று தோன்றினால், கெடுநாளுக்குள் விலகிவிடுங்கள். அடுத்த விழாவுக்கு வரலாம். அரைகுறை டெமோவோடு உள்ளே போவதுதான் திரும்பப் பெற முடியாத தவறு.

9. விழா வாரம்

முதல் இரவு விழித்திருங்கள். எங்கள் விழா ஜூனில் நடந்தது. 10.30க்குத் தொடங்கியது, 11 மணிக்குள், முழுத்திரையில் இருந்து வெளியே வந்தால் ஒலி நின்றுவிடுகிறது என்று கலந்துரையாடல் பகுதியில் இருவர் எழுதிவிட்டார்கள். ஒரு மணிக்குத் திருத்திய பில்டை ஏற்றினோம். ஏற்கெனவே வெளிவந்த டெமோவின் பில்டை மாற்ற மீண்டும் பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாரத்தில் புதிய அம்சம் எதையும் சேர்க்காதீர்கள்; பிழைத்திருத்தம் மட்டும் போதும். அலுவலகம் போகிறவர்கள் திங்கள் இரவுக்கு அடுத்த இரண்டு நாள் விடுப்பை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

10. விழாவுக்குப் பிறகு: வெளியீடும் பணமும்

விழா முடிந்து சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ வெளியிடுங்கள். முழு கேமின் பில்டும் பரிசீலனைக்குப் போக வேண்டும் என்பதால், வெளியீட்டு நாளுக்கு ஏழு வேலைநாளாவது முன்னதாக அனுப்புங்கள். விற்பனையில் ஸ்டீமின் பங்கு 30 சதவீதம். ஒரு மாத விற்பனைக்கான பணம் அடுத்த மாத இறுதியை ஒட்டித்தான் அனுப்பப்படும். சேர்ந்த தொகை 100 டாலரை எட்டாவிட்டால் எட்டும்வரை அங்கேயே நிற்கும். ஜூலை முதல் நாள் வெளியிட்டீர்களானால் ஆகஸ்ட் கடைசிவரை கையில் காசு வராது என்று வைத்து வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள்.

முதல் பணம் வரும்போது எதற்கான வரவு என்று வங்கி நோக்கக் குறியீடு கேட்கும். மென்பொருள் விற்பனைக்கான உரிமப் பங்கு என்று சொல்லி, ஸ்டீம்வொர்க்ஸில் கிடைக்கும் மாத அறிக்கையின் அச்சுப்படியையும் விநியோக ஒப்பந்தத்தின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். அந்நியச் செலாவணி வந்ததற்கான சான்றை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் படிவம் அடுத்த ஆண்டு மார்ச் மாத வாக்கில் ஸ்டீம்வொர்க்ஸில் கிடைக்கும். அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவு கோர அதுதான் ஆதாரம். இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, ஜூலை மாத வரித் தாக்கல் நெரிசலுக்கு முன், ஏப்ரல் மே மாதத்திலேயே ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.